இராமநாதன் என்னுந் திருநாமம்



சென்ற மாரிகாலத்து ஒருநாள் மாலை, முன்னாளில் நம்மிடம் பாடங்கேட்ட இளைஞர் ஒருவர் நெடுந்தீவினின்றும் நம் மனைக்கு வந்தார். குறிகட்டுவான் துறையில் இறங்கி, நனைந்த உடையோடு வந்த அவர் கையில் மடித்த கடதாசியொன்று இருந்தது. அவர்க்கு ஆண்மகவு பிறந்து இருபது நாட்களாயின. எண்சோதிடம் வல்லார் ஒருவர், பிள்ளையின் பெயர் ஜகர முதலதாதல் வேண்டும், ஆங்கில எழுத்தில் எழுதிக் கூட்டினால் இன்ன தொகை வருதல் வேண்டும் என்று விதித்திருந்தார். அவ்விதிக்கு இயைந்த பெயரொன்றை நாம் தேடித் தருதல் வேண்டும் என்பது இளைஞர் விண்ணப்பம்.

பிள்ளையின் பாட்டனார் யாது கூறுகின்றார் என்று வினவினோம். அவர் சற்றே நாணி, “ஐயா, அவர் தம்முடைய தகப்பனாரின் பெயரை வைக்கச் சொல்லுகிறார். இராமநாதன் என்பது அது. இக்காலத்தில் அப்பெயரோடு பிள்ளை பள்ளிக்கூடம் போனால் மற்றப் பிள்ளைகள் சிரிக்கமாட்டார்களா?” என்றார்.

அன்றிரவு அவர்க்குக் கூறியனவற்றையும், கூறாது விட்டனவற்றையும் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

முதற்கண் நம்முடைய குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் முறை. நம் மூத்த மைந்தன் பிறந்தபோது நாமும் இவ்வாறே செய்தோம். ஊர்விட்டு ஊர்போய் இரவல் வீட்டில் இருந்த காலம். 1990 ஆம் ஆண்டிலே தீவகத்தார் பெரும்பாலார் இடம்பெயர்ந்த பின்னர், சொந்தமண்ணில் பிள்ளை பெற்றவர் எத்தனைபேர்? பழைய பெயர்களெல்லாம் பழைய துன்பத்தையுங் கூடவே கொண்டுவரும் என்று அஞ்சினோமோ, அயலார் செய்ததையே செய்தோமோ, அறியோம். காதுக்கு இனிதாயிருந்த ஓரொலியைத் தெரிந்து இட்டோம். அம்மைந்தன் இன்று பிறதேசத்தில் வாழ்கின்றான். ஒருநாள் தொலைபேசியில் அழைத்து, தன்னோடு வேலை செய்யும் வெள்ளைக்காரர் தன் பெயரின் பொருள் யாதென்று கேட்டதாகவும், தான் விடை தெரியாது நின்றதாகவும் கூறி, “அப்பா, அதற்கு அர்த்தம் என்ன?” என்று வினாவினான். நாம் தமிழ் கற்பித்து ஊதியம் பெறுபவர். அகராதியை எடுத்தோம்; மூடி வைத்தோம். பின்னர் வேறு கதை பேசினோம்.

ஆதலால், அந்நெடுந்தீவு இளைஞரை இகழ்ந்து பேச நமக்கு உரிமை இல்லை.

தீவகத்திலே பெயர்கள் ஒரு காலத்தில் ஊரைச் சொல்லும். நயினாதீவில் நாகபூஷணியம்மை எழுந்தருளியிருத்தலால் நாகம்மை, நாகரத்தினம், நாகலிங்கம், நாகேசு என நாகர் பெயர்கள் வீட்டுக்கொன்று இருந்தன. காரைநகரிலே ஈழத்துச் சிதம்பரம் இருத்தலால் அம்பலவாணரும் பொன்னம்பலமும் தில்லையம்பலமும் மிகுந்தனர். இராமநாதன் என்பதோ கடலுக்கு அப்பாலிருந்து வந்த பெயர். நெடுந்தீவின் மேலைக்கரையில் நின்று நோக்குவார்க்கு நேரே இராமேச்சரம் இருக்குந் திசையேயாம். யாழ்ப்பாணத்தரசர் தம்மைச் சேதுகாவலர் என்று சொல்லிக்கொண்டதும், தங்கள் காசுகளிலே நந்தியின் உருவோடு ‘சேது’ என்னுஞ் சொல்லைப் பொறித்ததும் சரித்திரம். நம் முன்னோர் தோணியேறிச் சென்று சேதுவில் நீராடி வந்தனர். 1914 ஆம் ஆண்டு முதலாகத் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடிற்று. 1964 ஆம் ஆண்டு மார்கழிச் சூறாவளியிலே தனுஷ்கோடி அழிய, அவ்வழி அடைபட்டது. வழி அடைபட்டபோதிலும் பெயர் இக்கரையில் நின்றது.

இனி அப்பெயரின் பொருள் கேளுங்கள். இராவணனைக் கொன்ற பழி தீரும்பொருட்டு இராமபிரான் கடற்கரையிலே சிவலிங்கம் தாபித்துப் பூசித்தார். கயிலையினின்றும் இலிங்கங் கொணரச் சென்ற அனுமான் வரத் தாழ்த்தமையால், சீதாபிராட்டி மணலாற் பிடித்த இலிங்கமே மூலமாயிற்று என்பது தலவரலாறு. திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் இரண்டு பதிகமும் திருநாவுக்கரசு நாயனார் ஒரு பதிகமும் அத்தலத்துக்கு அருளிச்செய்தனர். பெரியோர் அத்திருநாமத்தை மூவகையாக விரித்துக் காட்டுவர். இராமனுக்கு நாதன் என்று இராமபிரான் விரித்தாராம். அன்று அன்று, இராமனை நாதனாக உடையவன் என்று சிவபிரான் விரித்தாராம். இராமனாகிய நாதன் என இருவரும் ஒருவரே என்று தேவர் விரித்தனராம். வேற்றுமைத்தொகையை ஆண்டவன் அன்மொழித்தொகையாக்கி அடியவனை உயர்த்திய இந்த இலக்கணப் பாடத்தை எத்தனையோ வகுப்புக்களில் நடத்தியுள்ளோம். மாணாக்கர் தொகையை மறந்தாலும் கதையை மறந்திலர். வணங்கினவனும் வணங்கப்பட்டவனும் ஒருவர்க்கொருவர் தாழ்ந்து நிற்கும் பெயர் இதுபோல வேறொன்று உண்டோ?

பிள்ளைகள் சிரிப்பார்கள் என்றாரே, அதற்கு விடையாக அவ்விளைஞர்க்குச் சில இராமநாதர்களை அறிமுகஞ் செய்தோம்.

முன்னிற்பவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் என்பதை யாழ்ப்பாணத்தார்க்குச் சொல்லவேண்டுவதில்லை. 1851 ஆம் ஆண்டு பிறந்து 1930 ஆம் ஆண்டு சிவபதமடைந்தவர். 1911 ஆம் ஆண்டிலே படித்த இலங்கையர்க்கென வகுக்கப்பட்ட ஒரே ஆசனத்துக்கு, சிங்களரும் தமிழரும் வாக்களித்து அவரைச் சட்டநிரூபண சபைக்கு அனுப்பினர். 1915 ஆம் ஆண்டுக் கலகத்தின்பின் இராணுவச் சட்டத்தால் சிங்கள மக்கள் துன்புற்றபோது, உலகப்போரின் நடுவே கடல்கடந்து இலண்டன் சென்று அவர்க்காக வழக்குரைத்தார். மீண்டு வந்தபோது அவர் ஏறிய வண்டியின் குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களத் தலைவர்கள் தாமே இழுத்துச் சென்றனர். மருதனாமடத்திலே 1913 ஆம் ஆண்டு சைவப் பெண்மக்களுக்கு இராமநாதன் கல்லூரியையும், திருநெல்வேலியிலே 1921 ஆம் ஆண்டு பரமேஸ்வராக் கல்லூரியையும் அமைத்தார். அப்பரமேஸ்வரா வளவிலேதான் 1974 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கிற்று. தந்தையார் கொழும்பிற் கட்டிய பொன்னம்பலவாணேசர் கோயிலைக் கருங்கற்றிருப்பணியாக்கினவரும் இவரே.

மிஷன் பாடசாலையிற் படித்த நம்மனோர்க்கு அவர் வாழ்வில் வேறொன்று வியப்புத் தருவது. பகவத்கீதைக்குத் தமிழில் உரைகண்ட அவரே மத்தேயு, யோவான் என்போர் எழுதிய சுவிசேஷங்களுக்கும் ஆங்கிலத்தில் விளக்கவுரை எழுதினார். வேதாகமப் பாடத்துக்கு மணியடித்தவுடன் மனத்தை மூடிக்கொண்ட சிறுவனாயிருந்த நமக்கு, சைவர் ஒருவர் அந்நூலை அத்துணை மதிப்போடு கற்றார் என்பது பிற்காலத்திலே தெரிந்தபோது சிறிது வெட்கமும் உண்டாயிற்று.

எனினும் பெயர்பெற்றார் செய்தனவெல்லாம் சரியென்று நாம் சாதிக்க வரவில்லை. டொனமூர் ஆணைக்குழுவினர் 1928 ஆம் ஆண்டில் ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை அளித்தல் தகும் என்றபோது, இராமநாதன் அதனை எதிர்த்து நின்றார். தோட்டத்திற் கொத்துபவனும் கடலில் வலைவீசுபவனும் வாக்களித்து நாட்டை ஆளுதலை அவர் மனம் ஏற்கவில்லை. தீவகத்தாராகிய நாம் பெரும்பாலும் அவ்விருவருடைய மக்களே. இதனை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது மாணாக்கர்க்குப் பொய் கற்பித்தலாகும்.

இரண்டாமவர் பாலக்காட்டுக் கல்பாத்தியிற் பிறந்த கே. ஆர். இராமநாதன் (1893–1984). சேர் சி. வி. இராமனோடு கல்கத்தாவில் ஒளிச்சிதறலை ஆராய்ந்தவர். 1923 ஆம் ஆண்டில், தூய்மையாக்கிய நீரினூடே ஒளியைச் செலுத்தியபோது மெல்லியதோர் வேற்றொளியைக் கண்டு குறித்தார். ஐந்து ஆண்டுகளின்பின் இராமன் விளைவு என்று உலகம் போற்றியதன் முற்குறி அதுவேயாம். அப்பாற் காலநிலைத் திணைக்களத்திற் சேர்ந்து வானத்தை அளந்தார். பூமத்தியரேகைப் பிரதேசம் வெப்பமானது. ஆகவே அதன் மேலுள்ள ஆகாயமும் வெப்பமாகவே இருக்கும் என்று நீவிர் எண்ணலாம். அவ்வாறன்று. ஏறத்தாழ 17 கிலோமீற்றர் மேலே சென்றால், துருவங்களின் மேலே அவ்வுயரத்தில் உள்ளதைவிடக் கடுங்குளிர் நமது தலைக்கு நேரே இருக்கின்றது. பூதக்கூடுகள் கொணர்ந்த அளவுகளைத் தொகுத்து இதனை 1929 ஆம் ஆண்டிலே தெளிவாகக் காட்டினவர் அவர். அகமதாபாத்துப் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தின் முதல் இயக்குநராயும் விளங்கினார். சோளகம் எப்போது பெயரும், வாடை எப்போது கிளம்பும் என்று துறைமேடையில் நின்று மூக்கால் அறியும் நம்மூர்ச் சம்மாட்டிமாருக்கு, இவர் தூரத்து உறவினர் என்று சொல்லத் தோன்றுகின்றது.

இசைவாணர் பகுதிக்கு வந்தால் இராமநாதர்கள் நிறைய இருக்கின்றனர், விரைந்து செல்வோம். மஞ்சப்பரையிற் பிறந்த எம். டி. இராமநாதன் (1923–1984), கலாக்ஷேத்திரத்திலே டைகர் வரதாச்சாரியார்க்கு மாணாக்கராய், மந்தர ஸ்தாயியிலும் மிக விளம்பமான காலத்திலும் பாடினார். விரைவையே விரும்பிய சபையோர் சிலர் எழுந்து சென்றபோதும் அவர் தம் நடையை மாற்றிலர். கலாநிதி எஸ். இராமநாதன் (1917–1988) சிலப்பதிகாரத்து இசைநுணுக்கங்களை ஆராய்ந்து, பழந்தமிழ்ப் பண்முறைக்கும் இன்றைய இராகங்களுக்கும் உள்ள உறவை விளக்கினார். ஜி. இராமநாதனை, ஹரிதாஸ் (1944), வீரபாண்டிய கட்டபொம்மன் (1959) முதலிய சலனப்படங்களின் பாட்டுக்களால் ஏட்டுக்கல்வி இல்லாதாரும் அறிவர். கணிதத்தில் கே. ஜி. இராமநாதன் (1920–1992) என்பார் எண்கோட்பாட்டில் உழைத்து, மேதை இராமாநுஜன் விட்டுச்சென்ற குறிப்புக்களையும் ஆராய்ந்தார். அது நமது கணக்குக்கு எட்டாத விஷயம்.

நம் இளைஞர் மிக நகைத்தது அடுத்தவர் பெயரைக் கேட்டபோதுதான். 1925 ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டில் சுயமரியாதை இயக்கந் தோன்றியபோது அதனைத் தொடங்கினாருள் ஒருவர் எஸ். இராமநாதன் (1895–1970). பெரியார் ஈ. வெ. இராமசாமியோடு 1931, 1932 ஆம் ஆண்டுகளிலே ஐரோப்பாவிலும் இரஷியாவிலும் யாத்திரை செய்தவர். பின்னர் காங்கிரசிற் சேர்ந்து, 1937 ஆம் ஆண்டு சென்னை மாகாண மந்திரியானவர். கடவுள் இல்லை என்று பேசுதற்கென்று கூடிய மேடைகளிலே தலைவர் எழுந்து, இப்போது இராமநாதன் பேசுவார் என்று அழைத்திருப்பாரன்றோ? அழைத்தவர் பெயரிலும் இராமன். அழைக்கப்பட்டவர் பெயரிலோ இராமனோடு அவன் நாதனுங் கூட! அவர்களைப் பழித்து இதனைச் சொன்னோமல்லோம். ஆலயத்தின் வாயிலிலே மனிதனை மனிதன் தடுத்த கொடுமையைக் கண்டு கொதித்தவர்கள் அவர்கள். அக்கொடுமைக்கு நம்மூர்க் கோயில்களும் விலக்கல்ல.

இங்கே ஓர் ஐயம் எழும். ஒருவர் சிவாலயங் கட்டினார், ஒருவர் சிவன் இல்லை என்றார், ஒருவர் வானை அளந்தார், ஒருவர் பாடினார். பெயர் இவர்களை ஒருவழிப்படுத்தவில்லையே, பின்னர் பெயரால் ஆம் பயன் யாது? நன்று. பெயர் உடையானை ஒன்றுஞ் செய்யாது என்றே வைத்துக்கொள்வோம். ஒருவன் தன் பெயரைத் தானே சொல்லுவது நாளொன்றுக்கு ஒருமுறையோ இருமுறையோ தான். சொல்லுகின்றவர் பிறர். சோறு ஆறுகின்றதென்று தாய் முற்றத்தில் நின்று கூவுகின்றாள். இடாப்பை விரித்து உபாத்தியாயர் வாசிக்கின்றார். வேலிக்கு அப்பால் நின்று தோழன் விளிக்கின்றான். கடன் கொடுத்தவன் படலையில் நின்று அதட்டுகின்றான். இவர்கள் வாயெல்லாம், தாம் அறியாமலே, சிவநாமஞ் சொல்லி ஓய்கின்றன. பிள்ளைக்கு இடும் பெயர் அயலார்க்கு இடும் அன்னதானம் போல்வது.

இன்னொரு விஷயத்தைக் கவனியாது விடலாகாது. நம்மவர் தந்தை பெயரை முன்னெழுத்தாக வைப்பவர். பிறதேசஞ் சென்றபின் அம்முன்னெழுத்து விரிந்து குடும்பப் பெயராய்விடுகின்றது. 1954 ஆம் ஆண்டு விம்பிள்டனிலே இளைஞர் பிரிவில் வென்று, 1960, 1961 ஆம் ஆண்டுகளில் அங்கே அரையிறுதி வரை சென்ற பந்தாட்டவீரரை இராமநாதன் கிருஷ்ணன் என்று உலகம் அறியும். இராமநாதன் என்பவர் அவர்க்குப் பந்தடிக்கக் கற்பித்த தந்தையார். மகன் வெல்லுந்தோறும் தந்தையின் பெயரையும் வெள்ளைக்காரர் நா பயின்றது. சிங்கப்பூரிலே 1999 முதல் 2011 வரை சனாதிபதியாயிருந்த எஸ். ஆர். நாதனுடைய முழுப்பெயர் செல்லப்பன் இராமநாதன். பெயரைச் சுருக்கியபோது இராமன் போனான், நாதன் நின்றான். ஆகவே இன்று நாம் இடும் அர்த்தமற்ற ஒலியானது நம் பிள்ளையோடு நின்றுவிடுவதன்று. இலண்டனிலும் தொறொன்ரோவிலும் பிறக்கப்போகின்ற மூன்றாந் தலைமுறைக்கு அதுவே குலப்பெயராய் எழுதப்படும். நம் மைந்தனுக்குப் பிறக்கும் பிள்ளை அதனை எழுத்துக்கூட்டும்போது நாம் இருக்கமாட்டோம்.

மிஷனரிமார் பெயரை மாற்றினார்கள் என்று நம்மவர் குறைகூறுவது வழக்கம். வட்டுக்கோட்டைச் செமினரியிலே மாணாக்கர்க்கு அமெரிக்க உபகாரிகளுடைய பெயர்கள் சூட்டப்பட்டது உண்மையே. ஆயினும் என் நிகழ்ந்தது? பாவலர் சரித்திர தீபகம் (1886) எழுதியவரை ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்கின்றோம். கறோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்று மற்றையோரையுஞ் சொல்லுகின்றோம். அந்நியப் பெயர் முன்னே ஒட்டிக்கொண்டதேயன்றி, சதாசிவனையும் விசுவநாதனையும் சிதம்பரத்தையும் பெயர்க்க அதனால் ஆகவில்லை. ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் 1913 ஆம் ஆண்டு பிறந்து சேவியர் ஸ்ரனிஸ்லாஸ் என்று ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கக் குருவானவர், தாமே விரும்பித் தனிநாயகம் என்னும் முன்னோர் பெயரைப் பூண்டு உலகத் தமிழாராய்ச்சி மகாநாட்டை 1966 ஆம் ஆண்டு கோலாலம்பூரிற் கூட்டினார். பாதிரியார் தேடி எடுத்துக்கொண்டதை நாம் எறிந்துவிட்டோம். நம் பெயர்களைப் பறித்தவர் ஒருவருமிலர். ஒரு கடதாசித்துண்டுக்கும் கூட்டற்கணக்குக்கும் நாமே கொடுத்தோம்.

கடைசியாக ஓர் இராமநாதனைச் சொல்லி முடித்தோம். வீரபத்திரன் இராமநாதன் 1944 ஆம் ஆண்டு பிறந்தவர். சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பொறியியல் கற்று அமெரிக்கா சென்றவர். குளிரூட்டும் பெட்டிகளில் வழங்கிய குளோரோபுளோரோ கார்பன் என்னும் வாயுக்கள் பூமியைச் சூடாக்கும் ஆற்றலிற் கரியமிலவாயுவினும் பல்லாயிரமடங்கு வலியன என்பதை 1975 ஆம் ஆண்டிலே அவர் கண்டு வெளியிட்டார். 1999 ஆம் ஆண்டிலே மாலைதீவை நிலைக்களமாகக் கொண்டு நடந்த இந்துசமுத்திர ஆராய்ச்சியில், நமது கடலின்மேலே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தடிப்பாகப் பழுப்புநிறப் புகைப்படலம் மூடியிருத்தலைக் காட்டினார். விறகும் சாணவரட்டியும் எரிக்கும் அடுப்பின் கரியும் அதில் ஒரு கூறு என்றறிந்து, கிராமத்துச் சமையலறைக்குப் புகையில்லா அடுப்புக் கொடுக்கும் முயற்சியிலும் இறங்கினார். உரோமாபுரிப் பாப்பரசர் 2004 ஆம் ஆண்டில் அவரைத் தமது விஞ்ஞானக் கழகத்து உறுப்பினராக்கினார். கடல் உயர்கின்றது என்று அவர் போல்வார் சொல்லும் சொல் பிறர்க்குப் பத்திரிகைச் செய்தி. பனையின் உயரமுமில்லாத நிலத்தில், கிணற்றில் உவர் ஏறுதலை நாவாற் கண்டறிந்து வாழும் நெடுந்தீவார்க்கு அது வீட்டுச் செய்தி.

இளைஞர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, “ஐயா, அவருடைய பெயரும் இதுதானா?” என்றார். ஆம் என்றோம். கடதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

பெயரன் என்பது நூல்வழக்கிலே மகனுடைய மகனைக் குறிக்கும். பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்பது கருத்து. யாழ்ப்பாணத்தாரோ தந்தையின் தந்தையைப் பேரன் என்று வழங்குகின்றோம். கொடுத்தவனுக்கும் கொண்டவனுக்கும் ஒரே சொல்.

முப்பத்தோராம் நாள் துடக்குக்கழிவுக்கு எம்மையும் அழைத்திருந்தனர். காற்று அடங்கியிருந்தமையால் வள்ளம் ஓடிற்று. கல்வேலி சூழ்ந்த அம்முற்றத்திலே நாம் சென்று சேர்ந்தபோது, பிறப்புப் பதிவில் ஜகர முதற்பெயரே எழுதப்பட்டுவிட்டது என்று பிள்ளையின் தாயார் எம்மிடம் மெல்லச் சொன்னார். தாய்வழி மாமனார் பிறதேசத்திலிருந்து அனுப்பிய பெயர் அதுவாம். நாம் ஒன்றுஞ் சொல்லவில்லை. கிழவனார் திருநீறு தரித்து, சால்வையை இடையிற் கட்டிக்கொண்டு வந்து, குழந்தையை மடியில் ஏந்தினார். செவிப்புலன் குன்றியவராதலின் மெல்லப் பேச அறியார். குழந்தையின் வலச்செவியிலே மும்முறை அவர் சொல்லிய பெயர் கிணற்றடியில் நின்றவர்க்கும் கேட்டது. இளைஞர் எம்மை நோக்கினார். பிள்ளை வீரிட்டு அழ, பேர்த்தியார் ஓடிவந்து, “இராமநாதா, இராமநாதா, அழாதே அப்பன்” என்று வாங்கித் தோளிற் போட்டார்.